ஆரியசாலையில் கணக்கு எப்போது முடியும்?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கூடுதல் அவகாசம் கேட்கும் வியாபாரி ஏட்டை ஒழுங்காக எழுதாதவர் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அதிகாரிகள் மட்டுமல்ல, வணிகர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். வாய்தா கேட்பதைக் கூச்சத்தோடுதான் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில், கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளியாற்றை நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவின் ஒரு பகுதி ஆரியசாலை. அப்படிப்பட்ட ஒரு வீதியின் கணக்குப் பழக்கத்தையும் வருமான வரிச் சட்டம் மாறிவந்த விதத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் இந்த எண்ணம் நிற்காது. வணிகரின் ஆண்டும் அரசின் ஆண்டும் வேறுவேறு என்பதைப் பழைய சட்டம் அறிந்திருந்தது. அந்த வேற்றுமைக்கு இடம் கொடுக்கவே அது இரண்டு வழிகளை வைத்திருந்தது: ஒன்று, கணக்காண்டை வணிகரே தேர்ந்துகொள்ளும் உரிமை, மற்றது, காரணம் எழுதி அவகாசம் கேட்கும் மனு. 1989 ஏப்ரல் 1 அன்று இரண்டும் சேர்ந்து போயின. முதலாவது போனதற்கு நியாயம் உண்டு. இரண்டாவது போயிருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

சாலைக் கடைத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சியில், திவான் ராஜா கேசவதாசின் முயற்சியால் உருவானது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சரக்கும் ஆளும் வந்து சேர்ந்த இடம் அது. அதனால்தான் மலையாள நாட்டின் தலைநகரில் இருந்தும் அங்கே தமிழ் இன்றுவரை கடைமொழியாக இருக்கிறது. அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அதன் மனிதர்களைக் ‘கடைத்தெருக் கதைகள்’ என்று தமிழில் எழுதிவைத்த ஆ. மாதவனைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு இங்கே முக்கியம், இப்படிப்பட்ட தெருவில் ஒரே நேரத்தில் பல நாட்காட்டிகள் புழங்கின என்பது. கேரளத்து வருமான வரித் தீர்ப்புகளைப் புரட்டினால், ஆகஸ்ட் 16ஆம் தேதியோடு முடிந்த கணக்காண்டு என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். கர்க்கடக மாதம் முடிந்து சிங்கம் பிறக்கும் கொல்லம் ஆண்டு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளில், குறிப்பாகச் செட்டியார் நிறுவனங்களின் வழக்குகளில், ஏப்ரல் 12 அல்லது 13ஆம் தேதியோடு முடியும் ஆண்டு வரும். அது பங்குனியில் முடிந்து சித்திரையில் புதுக்கணக்குப் போடும் ஆண்டு. குஜராத்தியர் தீபாவளியில் ஏடு மாற்றினார்கள். ஆரியசாலையின் தமிழ் வணிகர் வாழ்ந்த ஊருக்குச் சிங்கம், வந்த ஊருக்குச் சித்திரை.

இவை வெறும் சடங்கு நாட்கள் என்று நினைப்பது தவறு. கணக்கை முடிப்பதென்றால் சரக்கிருப்பை எண்ண வேண்டும், பாக்கிகளைத் தீர்க்க வேண்டும், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றியதைச் சரிபார்த்து ஐந்தொகை எடுக்க வேண்டும். கடையில் கூட்டம் மிகுந்திருக்கும்போது அதைச் செய்ய முடியாது. கர்க்கடகம் மழை மாதம், வியாபாரம் மந்தமான மாதம். அதன் பின்னாலேயே ஓண வியாபாரம் வந்துவிடும். அந்த இடைவெளியில் ஏட்டை மூடுவது தொழில் தெரிந்தவர் கண்ட வழி. மார்ச் 31க்குத் திருவனந்தபுரத்துக் கடைவீதியில் அப்படி எந்தப் பொருத்தமும் இல்லை. ஆற்றுக்கால் பொங்கல் வியாபாரத்துக்கும் விஷு, சித்திரை வியாபாரத்துக்கும் நடுவில், சரக்கு வருவதும் போவதுமாக இருக்கும் காலம் அது.

சுதேச ஆட்சி இருந்தவரை இந்த முரண் அவ்வளவாக உறுத்தவில்லை. 1860இல் ஜேம்ஸ் வில்சன் பிரிட்டிஷ் இந்தியாவில் கொண்டுவந்த வருமான வரி திருவிதாங்கூருக்குப் பொருந்தவில்லை. பிற்காலத்தில் அங்கே வருமான வரி வந்தபோதும் அது சமஸ்தானத்தின் சொந்தச் சட்டமாகவே இருந்தது. 1945–46இல் இயற்றப்பட்ட திருவிதாங்கூர் வருமான வரிச் சட்டத்தின் பெயரிலேயே கொல்லம் ஆண்டு இருக்கிறது: 1121ஆம் ஆண்டின் 23ஆம் சட்டம். அரசின் ஆட்சி அறிக்கைகளும் கொல்லம் ஆண்டின்படியே வெளிவந்தன. ஆளுவோரும் விற்போரும் ஒரே நாளில் ஏடு மாற்றிய நாடு அது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1950 ஏப்ரல் 1 முதல் 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் அங்கும் நடைமுறைக்கு வந்தது. கொல்லம் ஆண்டில் கணக்கு வைத்திருந்தவர் 1949 ஆகஸ்ட் நடுவில் முடிந்த 1124ஆம் ஆண்டின் வருமானத்தை, 1950–51 மதிப்பீட்டு ஆண்டுக்காக, டில்லியின் சட்டப்படி காட்ட வேண்டியவரானார். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயோ அதைவிடச் சற்றுக் கூடுதல். சக்கரத்தில் எழுதிய பற்றுவரவு ஏட்டில் இருந்தால் அதை ரூபாய் அணாவுக்கு மாற்றாமல் புதிய படிவத்தை நிரப்ப முடியாது. அந்த ஆண்டில் அவகாசம் கேட்ட வணிகரை யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் 1922ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விஷயத்தில் தாராளமாக இருந்தது. முந்திய ஆண்டு என்று அது சொன்னது மார்ச் 31இல் முடியும் பன்னிரண்டு மாதங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. வேறு தேதியில் கணக்கு முடிப்பவர் அந்தத் தேதியையே வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை தேர்ந்ததை அதிகாரியின் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது, அவ்வளவுதான். இதன் விளைவைக் கூட்டிப் பார்த்தால்தான் புரியும். ஆண்டுதோறும் மே 1க்குள் பொது அறிவிப்பு வரும். அதிலிருந்து அறுபது நாட்களுக்குக் குறையாத கெடு இருக்கும். ஆக ஜூன் இறுதி என்று வைத்துக்கொள்வோம். 1952 மார்ச் 31இல் கணக்கு முடித்தவருக்கு மூன்று மாதம் கிடைத்தது. 1951 ஆகஸ்ட் 16இல் முடித்தவருக்கும் அதே கெடுதான். அவருக்குப் பத்தரை மாதம். 1951 ஏப்ரல் 13இல் பங்குனியோடு முடித்தவர் மார்ச் 31ஐப் பதின்மூன்று நாட்கள் தாண்டிவிட்டதால் அடுத்த மதிப்பீட்டு ஆண்டுக்குள் போய்விடுவார். அவருக்குப் பதினான்கு மாதத்துக்கும் மேல். யாரிடமும் போய் நிற்காமல், ஒரு தாளும் எழுதாமல், நாட்காட்டியே கொடுத்த அவகாசம் இது.

அப்படியானால் மனு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதினான்கு மாதம் இருந்தும் ஒருவர் மேலும் நேரம் கேட்டால் அது சோம்பல்தானே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லோருக்கும் பதினான்கு மாதம் இருக்கவில்லை என்பது முதல் பதில். மார்ச் 31ஐத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். தனி நோட்டீஸ் வந்தவருக்கு முப்பது நாள் கெடுவும் போதும் என்று சட்டம் சொன்னது. வியாபாரக் கணக்கு ஒருவரின் கையில் மட்டும் முடிவதில்லை என்பது இரண்டாவது, கனமான பதில். கூட்டு வியாபாரத்தில் பங்கு வைத்திருப்பவர் அந்த நிறுவனத்தின் ஐந்தொகை வந்த பிறகுதான் தன் கணக்கை நிரப்ப முடியும். அந்த நிறுவனம் வேறு நாட்காட்டியில் ஓடினால் காத்திருப்பு இன்னும் நீளும். இதோடு ஆரியசாலைக்கு என்றே ஒரு சிக்கல் 1956 நவம்பர் 1 அன்று வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்துக்குப் போயின. கோட்டாற்றிலோ நாகர்கோவிலிலோ கிட்டங்கியும் சாலையில் கடையும் வைத்திருந்தவருக்கு ஒரே கொல்லம் ஆண்டின் நடுவில், சிங்கம் பிறந்து இரண்டரை மாதத்தில், வியாபாரம் இரண்டு மாநிலமாகப் பிளந்தது. ஒரு பக்கம் திருவிதாங்கூர்–கொச்சி பொது விற்பனை வரிச் சட்டம், மறுபக்கம் சென்னையின் விற்பனை வரி, நடுவில் புதிதாக வந்த மத்திய விற்பனை வரி. இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகுதான் வருமான வரிப் படிவத்தில் ஒரு தொகையை நம்பி எழுத முடியும். இப்படிப்பட்டவருக்குப் பயன்படும் விதத்தில்தான் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தாக்கல் செய்யும் தேதியை அதிகாரி தன் விருப்புரிமைப்படி நீட்டிக்கலாம் என்று இடம் வைத்தது.

1961ஆம் ஆண்டின் சட்டம் இந்த இடத்தை மூடவில்லை, ஒழுங்குபடுத்தியது. வியாபார வருமானம் உள்ளவருக்குக் கணக்காண்டு முடிந்து ஆறு மாதம் அல்லது ஜூன் 30, இரண்டில் எது பிந்தியதோ அதுவே கெடு. பின்னால் அந்த ஆறு மாதம் நான்காகக் குறைந்தது. கெடு போதாதென்றால், 1962ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் விதிப்படி 6ஆம் எண் படிவத்தில் காரணம் எழுதி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு எல்லை வரை வட்டியில்லாமல் நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் வட்டி உண்டு. முதலில் 6 சதவீதமாக இருந்த வட்டி படிப்படியாக ஏறி 15 சதவீதத்தைத் தொட்டது. மனுவின் பெருமையை இந்த இடத்தில்தான் நான் காண்கிறேன். அரசுக்கு வர வேண்டிய பணம் தாமதமானால் அதற்கு ஈடாக வட்டி இருக்கிறது; வணிகருக்குத் தன் காரணத்தைச் சொல்ல ஒரு தாள் இருக்கிறது; அதைப் படிக்கப் பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர் இருக்கிறார். உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தாமதமாக வந்த கணக்குக்கு அதிகாரி வட்டி விதித்திருந்தால் அவர் அவகாசம் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும், பிறகு தாமதத்துக்காக அபராதமும் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. வட்டி ஈட்டுத்தொகை, அபராதம் தண்டனை, இரண்டும் வேறு என்பதே அதன் உட்பொருள். அவகாசம் எடுத்துக்கொண்டவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது என்ற தெளிவு அன்றைய சட்டத்தில் இருந்தது.

1980களில் காற்று மாறியது. 1984ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுவரவு உள்ள வியாபாரத்துக்கு வரித் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. மொத்த வியாபாரத் தெருவுக்கு இது பெரிய மாற்றம். அரிசி, பருப்பு, மளிகையில் லாபம் மெலிது, விற்றுவரவு பெரிது. ஆகவே அவ்வளவாகச் சம்பாதிக்காதவரும் தணிக்கைக்குள் வந்தார். கணக்குப்பிள்ளை எழுதிய ஏட்டை ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய காலம் பிறந்தது. அடுத்து 1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 1989 ஏப்ரல் 1 முதல், எல்லோருக்கும் ஏப்ரல்–மார்ச் என்ற ஒரே கணக்காண்டை விதித்தது. சிங்கமும் சித்திரையும் தீபாவளியும் வரி அலுவலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. மாறும் காலத்துக்கென்று ஒரு நீண்ட ஆண்டு வகுக்கப்பட்டது. 1987 ஏப்ரல் 13இல் கணக்கு முடித்திருந்தவருக்கு அடுத்த கணக்காண்டு 1987 ஏப்ரல் 14 முதல் 1989 மார்ச் 31 வரை, ஏறத்தாழ இருபத்து மூன்றரை மாதம். சிங்க ஆண்டுக்காரருக்குப் பத்தொன்பதரை மாதம். இத்தனை நீளமான ஆண்டை ஆரியசாலையின் எந்தப் பேரேடும் அதற்கு முன் கண்டிருக்காது. அதே திருத்தத்தோடு, அதிகாரியிடம் அவகாசம் கேட்கும் மனுவும் சட்டத்திலிருந்து நீங்கியது. அதன் இடத்தில் 234ஏ பிரிவின்கீழ் மாதத்துக்கு 2 சதவீதம் தானாக ஏறும் வட்டி வந்தது. இன்று அது 1 சதவீதம்.

கணக்காண்டை ஒன்றாக்கியதை நான் குறை சொல்லவில்லை. மார்ச் 31காரர் மூன்று மாதத்தில் காட்டும் வருமானத்தைப் பங்குனிக்காரர் பதினான்கு மாதம் கழித்துக் காட்டுவது சமநீதி ஆகாது. நான்கு நிறுவனங்களை நான்கு நாட்காட்டியில் நடத்தி, லாபத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளி, வரியை ஒத்திப்போட வழி இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த நியாயம் மனுவைத் தொடுவதில்லை. ஒத்திவைப்பு நடந்தது நாட்காட்டியால். மனுவால் நீண்ட காலத்துக்கு வட்டி இருந்தது. சொல்லப்போனால், நாட்காட்டி கொடுத்த நீண்ட இடைவெளி போய்விட்ட பிறகுதான் மனுவின் தேவை கூடியிருக்க வேண்டும். தணிக்கை வந்துவிட்டது, எல்லோருடைய கெடுவும் ஒரே நாளில் விழுந்துவிட்டது, ஒவ்வொரு ஆடிட்டர் மேசையிலும் எல்லாக் கடையின் ஏடும் ஒரே மாதத்தில் குவிகிறது. அந்தச் சமயம் பார்த்தா தனி மனிதர் நேரம் கேட்கும் வழியை அடைப்பது?

அடைத்தும் அவகாசம் நிற்கவில்லை. வேறு உருவில் வந்தது. 2014 ஜூலையில் தணிக்கைப் படிவம் திருத்தப்பட்டது. அதனால் தணிக்கை அறிக்கைக்கு நவம்பர் 30 வரை தேதி நீண்டது, ஆனால் கணக்குத் தாக்கலுக்குச் செப்டம்பர் 30 அப்படியே நின்றது. குஜராத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அதுவும் நவம்பர் 30 ஆனது. 2015இல் மறுபடியும் உயர் நீதிமன்றங்கள் சொல்லித்தான் அக்டோபர் 31 வந்தது. 2021 ஜூன் 7 அன்று தொடங்கிய புதிய இணையதளம் சரியாக ஓடாததால் அந்த ஆண்டின் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. 2025இல் தணிக்கையற்ற கணக்குகளின் கெடு ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்கும், கடைசி இரவில் மேலும் ஒரு நாளும் நகர்ந்தது. தணிக்கைக்குட்பட்ட வியாபாரக் கணக்குகளுக்கு டிசம்பர் 10 வரை போனது. சரக்கு சேவை வரியிலும் இதே கதைதான்: 2017–18க்கான ஆண்டுக் கணக்கின் கெடு பலமுறை தள்ளி, 2020 பிப்ரவரியில்தான் முடிந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அரசின் படிவம், அரசின் மென்பொருள், அரசின் தாமதம். நேரம் போதாதது அரசுக்கு என்றால் நாடு முழுவதற்கும் அவகாசம் உண்டு. போதாதது ஒரு வணிகருக்கு என்றால் கேட்க ஆளில்லை.

வணிகரின் துன்பம் கணக்கில் எடுக்கப்பட்ட நேரங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தவருக்கு மட்டும் கெடு ஆகஸ்ட் 31இலிருந்து செப்டம்பர் 15 ஆனது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் நீண்டது. நல்ல முடிவுகள். ஆனால் அவையும் மாநிலம் அல்லது நாடு என்ற அளவில்தான் துன்பத்தை அளக்கின்றன. வெள்ளம் எட்டாத கடைக்கும் பதினைந்து நாள் கிடைத்தது. சாதாரண ஆண்டொன்றில் தீப்பிடித்து ஏடும் சரக்கும் கருகும் கடைக்கு ஒரு நாளும் இல்லை. பண்டிகையும் அப்படியே. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து வரும் மூன்று தெய்வங்களில் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை அம்மன் கோயிலில். ஏடுகளைப் பூசைக்கு வைத்து விஜயதசமியன்று எடுக்கும் நாட்கள் அவை. 2017இல் விஜயதசமி விழுந்தது செப்டம்பர் 30 அன்று. தணிக்கைக்குட்பட்ட வியாபாரிகளின் சட்டப்படியான கெடுவும் அன்றே. அந்த ஆண்டு தேதி தள்ளிப்போனதற்கும் ஆரியசாலையின் நவராத்திரிக்கும் தொடர்பில்லை.

மனு முறை திரும்ப வந்தால் அதிகாரியின் விருப்புரிமை திரும்பும், அதோடு கையூட்டும் திரும்பும் என்பது வலுவான ஆட்சேபம். ஒரு கையெழுத்துக்காக ஒருவரைக் காத்திருக்க வைக்கும் அதிகாரம் எங்கே இருந்தாலும் ஆபத்துதான். அடுத்தது எண்ணிக்கை: 2024 ஜூலை 31க்குள் மட்டும் 7.28 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின. இத்தனை பேரின் காரணத்தை யார் உட்கார்ந்து படிப்பது? இரண்டுக்கும் சேர்த்து அமெரிக்கா ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே வியாபார நிறுவனம் கெடுவுக்குள் 7004ஆம் எண் படிவத்தைக் கொடுத்தால், காரணம் எதுவும் சொல்லாமலே பெரும்பாலும் ஆறு மாதம் தானாகக் கிடைக்கிறது. வரிப் பணத்தை மட்டும் பழைய தேதிக்குள்ளேயே மதிப்பிட்டுக் கட்டிவிட வேண்டும். கட்டாததற்கு வட்டி ஏறும். அதிகாரியின் தயவும் தேவையில்லை, படிப்பதற்கு ஆளும் தேவையில்லை. கணக்கு தாமதமாவதையும் பணம் தாமதமாவதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் முறை அது. நம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வட்டி ஏற்பாடும் ஏறத்தாழ அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு ஆட்சேபம்: தனி மனு இன்னும் இருக்கிறதே, தாமதத்தை மன்னிக்கக் கோரி 119ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாமே? விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கெடு போன பிறகு கேட்கும் மன்னிப்பு. 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, திரும்பப் பெறும் தொகையோ நஷ்டமோ ஒரு கோடி ரூபாய் வரை என்றாலே முதன்மை ஆணையரோ ஆணையரோதான் முடிவு செய்ய வேண்டும். உண்மையான இடர்ப்பாடு இருந்தது என்று காட்டியாக வேண்டும். நஷ்டத்தின் கதை இங்கே முக்கியமானது. கெடுவுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் வியாபார நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடுகிறது. கடை எரிந்த ஆண்டிலும் சரக்கு அழிந்த ஆண்டிலும்தான் நஷ்டம் வரும். அந்த ஆண்டில்தான் கணக்கை நேரத்தில் முடிப்பதும் கடினம். நல்ல ஆண்டுக்காரர் வட்டியோடும் 5,000 ரூபாய் வரையிலான தாமதக் கட்டணத்தோடும் தப்பிவிடுகிறார். கெட்ட ஆண்டுக்காரர் நஷ்டத்தையே இழக்கிறார். கெடு நெருங்கும்போதே, இன்ன காரணத்தால் முப்பது நாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து நிம்மதியாக இருக்க 1988 வரை அவருக்கு முடிந்தது.

கணினியும் மென்பொருளும் வந்த பிறகு ஏடு முடிக்க நேரம் எதற்கு என்பாரும் உண்டு. கூட்டல் விரைந்திருக்கிறது, அது உண்மை. பாக்கிக்காரரின் ஒப்புதல், பங்காளியின் ஐந்தொகை, இருப்பில் கிடக்கும் சரக்கை எண்ணும் கை, ஆடிட்டரின் கண் ஆகியவை மனித வேகத்தில்தான் நடக்கின்றன. இப்போது 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. முந்திய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பழைய இரட்டையை எடுத்துவிட்டு, வரி ஆண்டு என்று ஒன்றையே அது வைத்திருக்கிறது. சட்டத்தை முழுதாக மறுபடி எழுதிய அந்த வாய்ப்பில், வரியை நேரத்தில் கட்டிவிட்ட சிறு வணிகர் கெடுவுக்கு முன் கேட்டால் ஒன்றிரண்டு மாதம் தானாகக் கிடைக்கும், நஷ்டக் கழிவும் காப்பாற்றப்படும் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் நிதிச் சட்டம் வருகிறது. அதில் சேர்க்க இன்னும் இடமிருக்கிறது. வணிகர் சங்கங்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுவதற்கும் தேதியை நீட்டிக்கச் சொல்லித் தந்தி அடிப்பதுபோல் மனு அனுப்புவதை விட்டு, இந்த ஒரு பிரிவைக் கேட்க வேண்டும்.